ஆச்சியைத் தொடலாம், டம்ளரைத் தொடக் கூடாதா?

(மேலகரத்தில் நடந்த இளைஞர் கூட்டம் ஒன்றில் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.)



டிமென்ஷியா வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பது பற்றிப் பேச வேண்டும் என்று தம்பிமார் வந்து கேட்டபோது, "ஒரு டாக்டரைக் கூப்பிடலாமே" என்றேன். "டாக்டர் பத்து நிமிஷம் பார்க்கிறார், நீங்க பன்னிரண்டு மணி நேரம் பார்க்கிறீங்க, நீங்களே பேசுங்கக்கா" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். நான் முதலில் பீடி சுற்றியவள். அப்புறம் அட்டெண்டர் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஒன்பது வருடமாகத் தென்காசி, இலஞ்சி, குற்றாலம், இந்த மேலகரம் என்று வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களை 'ஹோம் நர்ஸ்' என்பார்கள். நான் நர்ஸ் இல்லை. ஊசி போடச் சொன்னால் மாட்டேன் என்றுதான் சொல்வேன். என் வேலையின் எல்லை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும்.

நம் ஊரில் இந்த நோய்க்கு 'வயசாச்சு, புத்தி தடுமாறுது' என்ற ஒரே பெயர்தான். ரசத்துக்கு உப்புப் போட மறப்பது வயது. நாற்பது வருடம் ரசம் வைத்த கை, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பது நோய். தைராய்டு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் அப்படி ஆகலாம். அதைச் சரி செய்ய வழி உண்டு. அதனால் முதலில் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டிமென்ஷியாதான் என்று ஆகிவிட்டால், பெரும்பாலான வகைகளை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. பிறகு மிச்சம் இருப்பது பராமரிப்புதான். 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு இது இருக்கிறது என்றது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தை விடக் கிராமத்தில் அதிகம். பணக்கார வீட்டு நோய் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

வேலை எப்படி என்று சொல்கிறேன். பொழுது சாயும்போது ஆச்சிக்குப் பதற்றம் வரும். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "எங்க வீட்டுக்குப் போணும்" என்று கிளம்புவார்கள். "இதுதான் ஆச்சி உங்க வீடு" என்று வாதாடினால் அழுகை, அடி, கடி எல்லாம் நடக்கும். நான், "போவோம் ஆச்சி, காப்பி குடிச்சிட்டுப் போவோம்" என்பேன். கையைப் பிடித்துப் புறவாசல் வழியாக ஒரு சுற்றுச் சுற்றி முன்வாசலுக்கு வருவோம். வீடு வந்துவிடும். குளிக்க வைக்கும்போது எடுத்த எடுப்பில் தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, பாதத்தில் தொடங்க வேண்டும். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். படுக்கையோடு ஆனவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும். சீசன் நேரத்தில் வேறு தலைவலி. சாரலில் தரை வழுக்கும். வாசல் கொண்டி திறந்திருந்தால் ஆச்சி ரோட்டுக்குப் போய்விடுவார்கள். குற்றாலம் போகிற கூட்டத்தோடு கலந்துவிட்டால் யார் கண்டுபிடிப்பது? சேலை முந்தியில் போன் நம்பரைத் தைத்து வைப்பேன்.

பாசம் இருந்தால் இதெல்லாம் தானாக வந்துவிடாது. படித்துக்கொள்ள வேண்டும். 'மருமக இருக்காளே, ஆள் எதுக்கு' என்று கேட்கிறவர்கள் அந்த மருமகளிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறார்களா? மகன் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருப்பான். ராத்திரி மூன்று மணிக்கு ஆச்சி எழுந்து கத்தும்போது எழுந்திருப்பது அவள்தான். சம்பளம் கொடுத்து ஆள் வைப்பதில் ஒரு கேவலமும் இல்லை. கேவலம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆள் வேண்டும் என்று போன் வரும். ஆச்சிக்கு என்ன வியாதி, எத்தனை கிலோ, நடப்பாரா, விழுங்குவாரா என்று நான் கேட்பேன். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க எந்தத் தெரு?" நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், "எங்க வீடு சுத்த சைவம்" என்பார்கள். நான் கறி சமைக்கவா வருகிறேன்? கொஞ்சம் படித்தவர்கள் ஏஜென்சியிடம் சொல்லிவிடுவார்கள்: "நம்ம ஆளுங்களா அனுப்புங்க." ஏஜென்சிக்காரரும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார்.

ஒரு வீட்டில் ஆச்சிக்கு வாயில் ஊட்டுவது என் கை. பீ, மூத்திரம் துடைப்பது என் கை. எனக்குத் தனி டம்ளர். வேலைக்குப் போன முதல் நாளே, "கக்கூஸ் போறதுன்னா பின்னாடி போங்க" என்று காட்டினார்கள். ஆச்சியின் பெட்பேனைக் கழுவி ஊற்ற மட்டும் வீட்டுக்குள் இருக்கிற கக்கூஸ். நான் போவதற்கு வெளியே. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆச்சியே ஏசுவதும் உண்டு. மகள் பேர் மறந்துவிட்டது, புருஷன் செத்தது மறந்துவிட்டது, காலையில் சாப்பிட்டது மறந்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "இவ எந்தத் தெருக்காரி? அடுப்படிக்குள்ள ஏன் வர்றா?" என்பார்கள். சாதிப் பெயரும் வரும். இந்த நோயில் பொதுவாகப் புதிதாகக் கற்றது முதலில் போகும், சின்ன வயதில் பதிந்தது கடைசிவரை நிற்கும். எப்போது பதிந்தது என்று யோசித்துப் பாருங்கள். பாட்டும் பல்லாங்குழியும் கற்ற வயதில், பெற்ற பிள்ளைகள் பிறப்பதற்கும் முன்னால், இது உள்ளே போயிருக்கிறது. சாதி எவ்வளவு ஆழம் என்று மேடையில் பேசுகிறோம். நான் அதைத் தினமும் காலை எட்டு மணிக்குப் பார்க்கிறேன்.

அதற்காக ஆச்சியோடு சண்டை போடுவதில்லை. வன்கொடுமைச் சட்டம் அவர்களுக்காக எழுதியது இல்லை. சொல்வது இன்னதென்று அறிகிற நிலையில் அவர்கள் இல்லை. நான் இரண்டு நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டு, சேலையைச் சரி செய்துகொண்டு, புதிதாக வந்தவள் மாதிரி உள்ளே வருவேன். "வாளா, சாப்டியா?" என்று கேட்பார்கள். அதே ஆச்சி, ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவார்கள். என் கோபம் பக்கத்தில் நிற்கிற மகன் மேல். அவருக்கு நோய் இல்லை. "அவங்க அந்தக் காலத்து மனுஷி, கண்டுக்காதீங்க" என்று சிரிக்கிறார். சரி, கண்டுகொள்ளவில்லை. தனி டம்ளர் வைத்தது ஆச்சி இல்லையே? ஆச்சிக்கு டம்ளர் எது, சொம்பு எது என்றே தெரியாது. இன்னொரு வீட்டில், ஆச்சி அப்படிச் சொன்னதும் மருமகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்தே ஒரு இட்லியை எடுத்துச் சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் ஆச்சி போகிறவரை இருந்தேன்.

நாற்றத்தையும் அழுக்கையும் யார் தொடுவது என்பதற்கு நம் மாவட்டத்தில் பழைய ஏற்பாடு உண்டு. பிரசவம் பார்த்த மருத்துவச்சி யார், தீட்டுத் துணி வெளுத்தவர் யார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். புதிரை வண்ணார் பகலில் மற்றவர் கண்ணில் படவே கூடாது என்று வைத்திருந்ததைப் பற்றி 1932இல் பத்திரிகையில் செய்தி வந்தது. அது அன்றைய திருநெல்வேலி மாவட்டம், நம் மண்தான். இந்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதிலும் வசந்தவல்லியின் கையைப் பிடித்துக் குறி சொல்வது ஒரு மலைக்குறத்திதான். நமக்குக் காரியம் ஆகிற வரைக்கும் தொடலாம் என்பது ரொம்ப நாளாக இருக்கிற சலுகை. அதே கைகளுக்கு இப்போது 'ஹோம் கேர்' என்று பெயர் வைத்து, யூனிஃபார்ம் மாட்டிவிட்டிருக்கிறோம்.

இயக்கத் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். 94 வயதில், சிறுநீர்க் குழாயோடு, வலியோடு, பெரியார் ஊர் ஊராகப் போனார். 1973 டிசம்பர் 19இல் தியாகராய நகரில் கடைசிக் கூட்டம், 24இல் காலமானார். இதை நாம் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறோம். அந்த உடம்பு அவ்வளவு காலம் தாங்கியதற்குப் பின்னால் மணியம்மையாரின் முப்பது வருட உழைப்பு இருக்கிறது. அவரை ஊரே கேலி பேசியது. நாமும் அவரை 'தொண்டு செய்தவர்' என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். மருந்து நேரம், சாப்பாட்டு அளவு, சுத்தம், தூக்கம் இதெல்லாம் திறமை. எனக்குத் தெரியும், அதுதான் என் தொழில்.

தொழில் என்றேன். பீடி சுற்றியபோது எனக்குப் பாஸ்புக் இருந்தது, பி.எஃப். எண் இருந்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று 1966 சட்டம் சொன்னது. கூலி குறைவுதான், இடுப்பும் போச்சு, ஆனால் நான் யார் என்பதற்குக் காகிதம் இருந்தது. இப்போது ஒரு மனுஷியின் உயிரைப் பார்த்துக்கொள்கிறேன், கையில் ஒரு காகிதம் இல்லை. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது. 2018இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாய் என்று அரசு அறிவித்தது. 24 மணி நேரம் தங்கிப் பார்த்தால், அந்தப் பழைய கணக்கிலேயே ஒரு நாளைக்கு 888 ரூபாய் வருகிறது. உங்கள் வீட்டில் ஆள் இருந்தால் கொடுப்பதோடு வைத்துப் பாருங்கள். வீட்டுப் பணியாளர்களுக்கான 2011ஆம் ஆண்டு உலகத் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்க ஒன்றிய அரசிடம் சொன்னது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கவும் ஆள் வருகிறார். ஆனால் வந்துவிட்டுப் போய்விடுவார். டிமென்ஷியாவுக்குத் தேவை கூடவே இருக்கிற ஆள். புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2008லேயே வலிநிவாரண சிகிச்சைக்கு ஒரு கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் வழியாக நர்ஸ் வீட்டுக்குப் போகிறார். நமக்கு ஒரு பேரூராட்சிக்கு ஒரு பகல் பராமரிப்பு மையம், அதில் பயிற்சி பெற்ற, அரசு சம்பளம் வாங்குகிற அட்டெண்டர்கள் என்று கேட்டால் என்ன? ஆச்சி பகலில் அங்கே இருப்பார்கள், மருமகள் வேலைக்குப் போவாள். எல்லாத் தெரு ஆச்சிகளும் ஒரே கூடத்தில் உட்கார வேண்டி வரும். அதற்காகவே சிலர் எதிர்ப்பார்கள். பார்ப்போம்.

அதுவரைக்கும், உங்கள் வீட்டுக்கு ஆள் வைக்கும்போது செய்ய வேண்டியது பெரிய புரட்சி இல்லை. எத்தனை மணி நேரம், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆச்சியைப் பார்க்க வந்தவளிடம் வீட்டுத் துணி முழுவதையும் போடாதீர்கள். வாரம் ஒரு நாள் லீவு. ராத்திரி ஆச்சி தூங்காவிட்டால் பகலில் எனக்குத் தூக்கம் வேண்டும், மாற்று ஆள் போடுங்கள். வெளியூரிலிருந்து கேமரா வைக்கிறீர்கள், வையுங்கள், ஆனால் நான் துணி மாற்றுகிற மூலையை விட்டுவிட்டு வையுங்கள். தெருவைக் கேட்காதீர்கள். ஏஜென்சிக்காரர் கேட்டால் போனை வையுங்கள். ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே கக்கூஸ். வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இதை வாட்ஸ்ஆப்பில் ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம். அம்மாவுக்கோ அண்ணனுக்கோ போன் போட்டு, "அக்காவுக்கு எந்த டம்ளர்ல காப்பி குடுத்தீங்க?" என்று கேளுங்கள். இரண்டு நாள் பேச மாட்டார்கள். பரவாயில்லை.

கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள், தம்பி. எட்டு மணிக்கு இலஞ்சியில் எனக்கு நைட் டூட்டி, ஏழரை பஸ்ஸைப் பிடிக்கணும்.