கதர் போட்ட கம்யூனிஸ்ட்: மோகன் குமாரமங்கலம்

நெய்வேலியிலிருந்து பேசுறேன். போன எபிசோடில் ஜம்புலிங்க முதலியாரைப் பற்றிப் பேசினோம். இடதுசாரித் தலைவர்கள் யாரையாவது எடுத்துப் பேசுங்கன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. இன்றைக்கு ஒருவரை எடுத்துக்கறேன். அவர் நெய்வேலிக்காரர் இல்லை, சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவரும் இல்லை. ஆனால் இந்த நாட்டில் நிலக்கரி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கான பதிலை மாற்றி எழுதியவர். பெயர் மோகன் குமாரமங்கலம்.

முதலில் குடும்பத்தைச் சொல்லிடறேன், இல்லைன்னா கதை புரியாது. திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன். அப்பா டாக்டர் பி. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சர். பெரிய அண்ணன் பி.பி. குமாரமங்கலம் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார். தங்கை பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் எம்.பி. நம்மாள் 1916-ல் லண்டனில் பிறந்து, ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, பாரிஸ்டர் ஆகி, கையோடு கம்யூனிஸமும் கற்றுக்கொண்டு 1939-ல் ஊர் திரும்பினார். ஜமீன் வீட்டுப் பிள்ளை செங்கொடி பிடித்தால் நம் ஊரில் என்ன பேசுவாங்களோ, அதெல்லாம் அன்றைக்கும் பேசியிருப்பாங்க. ஆனால் 1941-ல் சென்னை சதி வழக்கில் இவரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். அதே வழக்கில் பி. ராமமூர்த்தியும் இருந்தார், ஆர். உமாநாத்தும் இருந்தார். இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க. ஒரே வழக்கில் சிக்கியவர்கள் பிறகு வேறு வேறு பாதையில் போனார்கள்.

கட்சிக்காரராக, வக்கீலாக இருபது வருடத்துக்கு மேல் ஓடியது. 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்தது. ராமமூர்த்தி மார்க்சிஸ்ட் பக்கம் போனார். குமாரமங்கலத்துக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. காங்கிரஸை வெளியே நின்று எதிர்த்துப் பயனில்லை, அதற்குள் இருக்கிற முற்போக்காளர்களோடு சேர்ந்து உள்ளேயிருந்தே அதை இடது பக்கம் திருப்ப வேண்டும் என்பது அந்தக் கணக்கு. பின்னாளில் அரசியல் வட்டாரத்தில் இதற்குக் ‘குமாரமங்கலம் தீசிஸ்’ என்றே பெயர் விழுந்தது. எதிரிகள் ஊடுருவல் என்றார்கள், பழைய தோழர்கள் சரணாகதி என்றார்கள்.

1966-ல் பக்தவத்சலம் ஆட்சியில் இவர் சென்னையின் அட்வகேட் ஜெனரல். அதே வருடம்தான் அண்ணன் ராணுவத் தளபதி ஆகிறார். அப்புறம் காங்கிரஸ், இந்தியன் ஏர்லைன்ஸ் சேர்மன் பதவி. 1971 தேர்தலில் பக்கத்தில் இருக்கிற பாண்டிச்சேரியில் நின்று ஜெயித்து, இந்திரா காந்தி அமைச்சரவையில் உருக்கு, சுரங்கத்துறை அமைச்சர் ஆனார். கையில் கிடைத்தது இரண்டு வருடம் சொச்சம்தான்.

அன்றைய நிலக்கரிச் சுரங்கங்கள் எப்படி இருந்தன என்பதை நெய்வேலியில் வளர்ந்த நமக்குக் கற்பனை பண்ணுவது கஷ்டம். எங்க அப்பா முதலாவது சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்தார். அவருக்கு ‘முதலாளி’ன்னு ஒரு ஆளே கிடையாது. 1956 நவம்பரில் தொடங்கும்போதே இது அரசாங்கக் கம்பெனி. ஜார்க்கண்டிலும் வங்காளத்திலும் அப்படியில்லை. நூற்றுக்கணக்கான தனியார் சுரங்கங்கள், அதில் பாதி சின்னச் சின்னது. மேலாக இருக்கிற நல்ல கரியைச் சுரண்டிக்கொண்டு, மிச்சத்தை இடிந்து விழவோ தீப்பிடிக்கவோ விட்டுவிட்டுப் போவார்கள். ஊதியக் குழு சொன்ன சம்பளத்தைப் பல முதலாளிகள் தரவே இல்லை. பி.எஃப். பணம் பிடிப்பார்கள், கட்ட மாட்டார்கள். ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டரும் வட்டிக்காரரும் தொழிலாளியின் கழுத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 1965-ல் தோரி சுரங்க விபத்தில் 260-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அது தனியார் சுரங்கம்.

இதை அவர் கைவைத்த விதம் ஒரு வக்கீலின் வேலை. ஒரேயடியாக நாட்டுடைமை என்று முன்கூட்டியே அறிவித்தால் என்ன ஆகும்? மசோதா நிறைவேறுவதற்குள் முதலாளி மிஷினைக் கழற்றி விற்றுவிடுவான், கணக்குப் புத்தகம் காணாமல் போகும். அதனால் முதலில் நிர்வாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், உடைமை பிறகு. 1971 அக்டோபரில் உருக்காலைக்குத் தேவையான கோக்கிங் கரிச் சுரங்கங்களின் நிர்வாகம் கைமாறியது, 1972 மே 1-ல் அவை நாட்டுடைமை ஆயின. அடுத்து 1973 ஜனவரி கடைசியில் ஒரு அவசரச் சட்டம். மிச்சமிருந்த 711 சுரங்கங்களின் நிர்வாகம் அரசிடம் வந்தது. சரியாக மூன்று மாதம் கழித்து, 1973 மே 1, அவையும் நாட்டுடைமை. இரண்டு முறையும் மே தினம்! கதர் போட்டாலும் தேதி பார்க்கும் பழக்கம் போகலை போல.

எனக்கு இவர் மேல் இருக்கிற மரியாதையும் சங்கடமும் அந்த ஒரே வசந்த காலத்தில்தான் இருக்கு. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் நாடாளுமன்றம் கை வைக்க முடியாது என்றது அது. மறுநாளே மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரும் ராஜினாமா செய்தார்கள். நாடாளுமன்றத்தில் இதற்காக எழுந்து வாதாடியவர் சட்ட அமைச்சர் இல்லை, சுரங்க அமைச்சர் குமாரமங்கலம். ஒரு நீதிபதியின் சமூகப் பார்வை என்ன என்று அரசு பார்க்கத்தான் செய்யும், பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். நிலக்கரித் தொழிலாளியைக் காப்பாற்றிய அதே வாரத்தில், அதே மூளை, நீதிமன்றத்தை ஆளும் தரப்புக்கு வளைக்கும் வேலைக்கும் நியாயம் தேடிக் கொடுத்தது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றை மட்டும் மாலை போட்டு வைக்க எனக்கு மனசு வரலை. அரசு நல்லவர்கள் கையில் இருக்கும் என்ற நம்பிக்கைதான் இரண்டுக்கும் அடியில் இருக்கு. இரண்டு வருடத்தில் எமர்ஜென்சி வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

1973 மே 31. சென்னையிலிருந்து டெல்லி போன இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் விமானம், பாலம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் புழுதிப் புயலில் விழுந்தது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். ஒரு காலத்தில் தான் தலைவராக இருந்த கம்பெனியின் விமானத்திலேயே குமாரமங்கலமும் போனார். அதே விமானத்தில் கோயம்புத்தூரின் கம்யூனிஸ்ட் எம்.பி. கே. பாலதண்டாயுதமும் இறந்தார். கட்சியை விட்டுப் போனவரும் கட்சியிலேயே இருந்தவரும் ஒரே பயணத்தில். நாட்டுடைமை ஆகி முப்பது நாள்தான் ஆகியிருந்தது.

சரி, அதுக்கப்புறம்? 1975-ல் கோல் இந்தியா வந்தது. சம்பளம், பி.எஃப். எல்லாம் ஒழுங்கானது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதே 1975 டிசம்பரில் சஸ்னாலா சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து 370-க்கும் மேற்பட்டவர்கள் மூழ்கிப் போனார்கள். அப்போது அது அரசு நிர்வாகத்தில் இருந்த சுரங்கம். உடைமை மாறினால் மேலே இருக்கிற அதிகாரி தானாக மாறிவிட மாட்டார்.

நம்ம ஊருக்கு வருவோம். இங்கே முதலாளி என்று யாரும் இருந்ததே இல்லை என்று சொன்னேன். ஆனால் கான்ட்ராக்டர் இருக்கார், சொசைட்டி இருக்கு. ஒரே ஷிப்டில், ஒரே தூசியில் நிற்கிற இரண்டு பேரில் ஒருவர் நிரந்தரம், இன்னொருவர் இன்கோசர்வ் அல்லது ஒப்பந்தம். இந்த வித்தியாசம் சம்பளச் சீட்டோடு நிற்பதில்லை. எந்த வட்டத்தில் குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸ் உண்டா இல்லையா, எந்தக் குடும்பத்தில் பெண் எடுப்பது வரைக்கும் போகுது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வந்த நெல் வயலுக்குள் வாய்க்கால் வெட்ட இயந்திரம் இறங்கியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். இறக்கியது தனியார் முதலாளி இல்லை, நம்ம பொதுத்துறைதான். நிலக்கரி யாருக்குச் சொந்தம் என்று குமாரமங்கலம் கேட்டார். அதைத் தோண்டும் கைக்கும் மேலே இருந்த மண்ணுக்கும் என்ன பங்கு என்பது அவர் சட்டத்தில் இல்லை.

இதைச் சொல்லிட்டு, அப்போ தனியாரே தேவலைன்னு யாராவது கிளம்பினால் நான் அந்தப் பக்கம் இல்லை. 2006-ல் என்.எல்.சி. பங்கு விற்பனை நின்றதற்கும், 2013-ல் தமிழக அரசு நிறுவனங்களே பங்கை வாங்கிக்கொண்டதற்கும் காரணம், இந்த ஊர்த் தொழிலாளிகள் கேட்டுக்கு வெளியே நின்றது. மேலேயிருந்து வந்த சட்டமோ, மேலேயிருந்தே போயிடுச்சு. 1973 நிலக்கரி நாட்டுடைமைச் சட்டம் 2018 தொடக்கத்தில், காலாவதியான சட்டங்கள் என்ற ஒரு நீளப் பட்டியலோடு சேர்த்து ரத்தானது. 2020-ல் வணிகச் சுரங்க ஏலம் ஆரம்பித்தது. பெரிய சத்தம் எதுவும் கேட்கலை.

குடும்பக் கதையில் ஒரு துண்டு பாக்கி இருக்கு. மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் காங்கிரஸில் தொடங்கி பா.ஜ.க.வுக்குப் போய், திருச்சி எம்.பி.யாக, வாஜ்பாய் அரசில் மின்துறை அமைச்சராக இருந்து 2000-ல் மறைந்தார். விபத்தில் இறந்த பாலதண்டாயுதத்தின் கோவைத் தொகுதிக்கு 1974-ல் இடைத்தேர்தல் வந்தபோது அங்கே கம்யூனிஸ்ட் வேட்பாளராக நின்று ஜெயித்தது, மோகனின் தங்கை பார்வதி கிருஷ்ணன்.

ராமமூர்த்தி என்ன ஆனார்னு கேட்பீங்க. அவர் அமைச்சரே ஆகலை. 1967-ல் மதுரை எம்.பி., 1970-ல் சி.ஐ.டி.யு.வின் முதல் பொதுச் செயலாளர். அவர் கதையை அடுத்த வாரம் பேசலாம்.