உள்ளே இருப்பவருக்கு ஒரு நியாயம், வாசலில் நிற்கும் பிள்ளைக்கு வேறு நியாயமா?

(மதுரையில் மாணவர், பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை)



திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத ஊரைத் தேடித்தான் பிடிக்கணும். இப்போ அந்தப் பிள்ளைகள் ராணுவ டாக்டராகவும் ஆசைப்படுறாங்க. அதுக்கு வாசல், 1948இல் தொடங்கிய புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. நம்ம நாட்டுப் பிள்ளைகளுக்கு 145 இடம். அதில் பெண்களுக்கு 30தான்.

நீட், நேர்முகம் எல்லாம் தாண்டினாலும் கடைசியில் உடல் தகுதிச் சோதனை. பார்வை, நிறம் பிரித்தறிதல், காது, எடை எல்லாம் பார்ப்பாங்க. தவறினால் மறுபரிசோதனை கேட்கலாம். ஆனா அங்கேயும் அதே அளவுகோல்தான்.

15.10.2024 அன்று ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொன்னது: இயலாமையின் சதவீதத்தை மட்டும் வைத்து எம்.பி.பி.எஸ். இடத்தை மறுக்கக் கூடாது. அந்த மாணவரால் படிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ராணுவத்துக்கு இது அப்படியே பொருந்தாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பிரிவுகளிலிருந்து போர்ப்படைப் பணியிடங்களுக்கு மத்திய அரசு 2021 ஆகஸ்டில் விலக்கு கொடுத்திருக்கு. சட்டத்திலிருந்து படைக்கு விலக்கு உண்டு. படையின் விதியிலிருந்து பிள்ளைக்கு விலக்கு இல்லை!

அமெரிக்காவில், ராணுவ மருத்துவப் படிப்புக்குத் தகுதியில்லைன்னு சொல்லப்பட்டவரின் கோப்பைப் படைப்பிரிவு தனியா பரிசீலித்து விலக்கு அளிக்கலாம். எல்லாருக்கும் கிடைக்காது. ஆனா தட்டிப் பார்க்க ஒரு கதவு இருக்கு.

"சியாச்சின்ல யாரு நிக்கிறது?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா பணியில் இருக்கும்போது நோய் வந்த அதிகாரியை நம்ம ராணுவம் உடனே வீட்டுக்கு அனுப்புறதில்லையே! மருத்துவ வகையைக் குறைத்து, பொருந்தும் வேலையில் வச்சுக்குது. அந்தக் கணக்கை வாசலில் நிற்கும் பிள்ளைக்கும் போடுங்கன்னுதான் கேட்கிறோம். ஒவ்வொருவரையும் தனித்தனியா பரிசீலிக்கும் விலக்குக் குழு வேணும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரணும். இதை நாடாளுமன்றத்தில் எழுப்பணும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பிக்கும் முன்பே உடல் தகுதி விதிகளைப் படிங்க. அரசு ராஜாஜி மருத்துவமனையில் கண், காதைப் பரிசோதிச்சுக்கங்க. சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். பழைய சிகிச்சை எதையும் மறைக்காதீங்க. சீட்டுகளைப் பத்திரமா வைங்க. நாளைக்கு விலக்கு கேட்க அதுதான் ஆதாரம்.