முத்திரைக்குக் கண் உண்டா?



பாட்னா மாவட்டத்திலே மசௌரி என்றோர் ஊர். 2025ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24ஆம் நாள், அவ்வூர் வருவாய் அலுவலகம் ஓர் இருப்பிடச் சான்றிதழ் வழங்கிற்று. பெற்றவர் பெயர் ‘டாக் பாபு’. தந்தை ‘குத்தா பாபு’. தாய் ‘குத்தியா தேவி’. குத்தா என்றால் இந்தியிலே நாய். குத்தியா என்றால் பெண் நாய். பெயர் புரியாதவருக்கும் புரியட்டும் என்று, வளர்ப்பு நாயின் படமும் அதிலே இருந்தது! கீழே, அதிகாரியின் மின்னணுக் கையொப்பம்!

சிரிக்கிறீர்கள்; சிரியுங்கள். விண்ணப்பம் போட்டவன் குறும்பன் என்றே கொள்வோம். குறும்பு அவனுடையது, கையொப்பம் யாருடையது? படத்தைப் பார்க்கக் கண் இல்லையா? பெயரைப் படிக்கப் பொழுது இல்லையா? செய்தி பரவிற்று. சில நாட்களிலே சான்றிதழ் ரத்தாயிற்று, வழக்கும் பதிவாயிற்று.

அத்துடன் முடிந்ததா? இல்லை, தோழர்களே! அதே நேரத்தில் பீகார் முழுதும் வாக்காளர் பட்டியல் திருத்தம் நடந்துகொண்டிருந்தது. அதற்கென முதலில் அறிவிக்கப்பட்ட 11 ஆவணங்களுள் நிலையான இருப்பிடச் சான்றிதழும் ஒன்று. ஆகஸ்ட் முதல் நாள் வெளிவந்த வரைவுப் பட்டியலிலே ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் இல்லை. இறந்தோர், இடம் பெயர்ந்தோர், இருமுறை பதிந்தோர் எனக் காரணம் கூறினர். ஆனால், இறந்தோர் என்று குறிக்கப்பட்ட இருவர், ஆகஸ்ட் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றத்திலே உயிரோடு வந்து நின்றனர்!

இது இன்று நேற்று வந்த நோயன்று. உத்தரப் பிரதேசத்து அசம்கர் மாவட்டத்திலே லால் பிகாரி என்றோர் உழவர். 1970களிலே அவரை இறந்தவராக எழுதிவிட்டது அரசு ஏடு. நிலம் உறவினர் கைக்குப் போயிற்று. உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க, அவர் 1989இல் அமேதியிலே இராசீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். தம்மைப் போன்றோரைத் திரட்டி, இறந்தோர் சங்கமே கண்டார். ஏடு அவருக்கு உயிர் கொடுத்தது 1994இலேதான்!

நாய்க்குத் தாளிலே வாழ்வு. மனிதனுக்குத் தாளிலே சாவு! இரண்டும் ஒரே கண்மூடித்தனம் ஈன்ற பிள்ளைகளே. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: நாயின் பிழை சில நாளிலே திருந்திற்று, மனிதனின் பிழை திருந்த 20 ஆண்டுக்குச் சற்றே குறைந்த காலம் பிடித்தது. ஏன்? முன்னது அரசுக்கு வெட்கம். பின்னது ஏழைக்கு மட்டுமே துன்பம்!

சான்றிதழ் போனதால் நாய் எதையும் இழக்கவில்லை. தாள் பொய்த்தால் மனிதன் நிலத்தை இழக்கிறான், வாக்கை இழக்கிறான், தன் பெயரையே இழக்கிறான்.

ஆகவே, ஆளவந்தோரை நாம் கேட்பது அரும்பொருள் அன்று. முத்திரை விழுமுன் ஒரு மனிதனின் கண் விழட்டும். நாய்ச் சான்றிதழை நீக்கக் காட்டிய வேகத்தை, நாதியற்றவன் பெயரை மீட்கவும் காட்டுங்கள்!