அரைப்பேர் ஆட்டக்காரன்



அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் 'அரைப்பேர்' என்ற சொல்லை அறியாதவர் இல்லை. காலைப் பிரட்டுக்கு வந்து, நாள் முழுவதும் மலையில் நின்றும், நிறுவையில் கொழுந்து குறைந்துவிட்டால் செக்ரோலில் விழுவது அரைப்பேர். நின்றது முழு நாள். கணக்கில் பாதி நாள். இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டே ஓர் உதைபந்தாட்ட வீரரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நம் முன்னோர் கோப்பிக்கும் தேயிலைக்கும் இங்கு வந்த அதே நூற்றாண்டில், 1834 முதல், இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளராக மொரீசியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றார்கள். அத்தீவின் இந்திய வம்சாவளிப் பெற்றோருக்கு, 1973 இல் பிரான்சில் பிறந்தவர் விகாஷ் டொராசூ. இவர் கோல் போட்டுப் பெயர் எடுக்கும் முன்கள வீரர் அல்லர். முன்கள வீரருக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் நடுக்கள வீரர்.

லு ஆவ்ர், லியோன், போர்தோ, இத்தாலியின் மிலான், பாரிஸ், மீண்டும் இத்தாலியில் லிவோர்னோ என்று கழகம் கழகமாக நடந்தவர். லியோன் கழகத்துடன் 2003, 2004 ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுச் சாம்பியனானார். 2006 ஏப்ரலில் பிரெஞ்சுக் கிண்ண இறுதியில் மார்செயிக்கு எதிராகத் தூரத்திலிருந்து அவர் அடித்த கோல், பாரிஸ் அணி 2-1 என வெல்ல உதவியது.

ஆனால் அவரது வாழ்வில் மிகப் பெரிய இரண்டு இரவுகளிலும் அவர் பெஞ்சிலேதான் இருந்தார். 2005 இல் இஸ்தான்புல்லில் ஐரோப்பியச் சாம்பியன் கிண்ண இறுதி. 3-0 என முன்னணியில் நின்ற மிலான், லிவர்பூலிடம் பெனால்டி உதைகளில் தோற்றது. 2006 இல் பெர்லினில் உலகக் கிண்ண இறுதி. பிரான்ஸ், இத்தாலியிடம் அதே பெனால்டி உதைகளில் தோற்றது. அந்த உலகக் கிண்ணத்தில் பிரான்ஸ் ஆடிய ஏழு ஆட்டங்களில், இரண்டில் மட்டும் மாற்று வீரராகச் சில நேரம் களம் இறங்கினார்.

அந்த ஒரு மாதத்தில் டொராசூ செய்த காரியம்தான் இலக்கிய அன்பர்களான நமக்கு முக்கியம். நண்பர் பிரெட் பூலே கொடுத்த சிறிய சூப்பர் 8 கமெராவால் தன் காத்திருப்பைத் தானே படம் பிடித்தார். 2007 இல் அது 'சப்ஸ்டிட்யூட்' என்ற படமாக வெளிவந்தது. அதில் வெற்றி ஆரவாரம் இல்லை. ஹோட்டல் அறையும், தனிமையும், 'நாளை என்னை இறக்குவார்களா?' என்ற ஏக்கமுமே உண்டு. உலகமே ஸிடானைப் பார்த்திருந்த வேளையில், பெஞ்சில் இருந்தவன் தன்னைத் தானே எழுதிக்கொண்டான் என்று சொல்லலாம்.

பிறகு நடந்தது சுகமானதல்ல. 2006 ஒக்டோபரில் பாரிஸ் கழகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. 1973 இல் வீரர்களுக்கான தொழில் சாசனம் வந்தபின் பிரான்சில் அப்படி நீக்கப்பட்ட முதல் வீரர் அவரே. லிவோர்னோவிலும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் விடைபெற்றார். ஆயினும் வாய் மூடவில்லை. 2020 இல் பாரிஸ் மாநகரத் தேர்தலில் போட்டியிட்டார்.

நேயர்களே, செக்ரோல் நமக்கும் புதிதல்ல. அதில் நம் பெயர் இருக்கிறது, நாள் இருக்கிறது, இறாத்தலும் கிலோவும் இருக்கின்றன. ஆனால் அதை எழுதியது நம் கை அல்ல. மழையில் நனைந்தவளின் நினைப்பு அந்த ஏட்டில் ஏறவேயில்லை. அது பாட்டில்தான் ஏறியது. அதனால்தான் ஸி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தது அத்தனை பெரிய பணியாகிறது.

தோட்டத்து மைதானங்களில் ஆடி, கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்ட நம் இளைஞர்களின் கதைகளும் அவ்வாறே காத்திருக்கின்றன. வென்றவனின் வரலாற்றை எழுதப் பத்திரிகைகள் உண்டு. அரைப்பேர்க்காரனின் வரலாற்றை அவனேதான் எழுத வேண்டும். அதற்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.