கம்பெனிகளும் ஊழியர் தொண்டும்



இலாபம் ஈட்டும் கம்பெனி அதில் ஒரு பங்கை ஊருக்கு அளித்தல் வேண்டும் என்னும் கொள்கையை இந்தியா சட்டமாகவே ஆக்கியுள்ளது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. பெரிய கம்பெனிகள், முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு 2 வீதத்தைப் பொதுநலப் பணிகளுக்குச் செலவிடுதல் வேண்டும் என்பது அதன் விதி.

பணத்தைக் கணக்கிடலாம், ஊழியரின் நேரத்தை எவ்வாறு கணக்கிடுவது? 2016இல் இந்திய அரசு இதற்கு விளக்கம் தந்தது. ஊழியர் தொண்டில் ஈடுபடுவதை ஊக்குவித்தல் வேண்டும். ஆயின் அத்தொண்டுக்குப் பணமதிப்பிட்டு இந்த 2 வீதக் கணக்கிற் சேர்த்தல் ஆகாது என்பதே அவ்விளக்கம். இது சரியான முடிவென்றே கருதுகின்றேன். இல்லையேல் மேலதிகாரி ஒருவர் மரக்கன்று நட்ட அரைமணி நேரத்துக்கும் பெருந்தொகை எழுதப்பட்டுவிடும்!

அமெரிக்காவின் டிம்பர்லாண்ட் என்னும் சப்பாத்துக் கம்பெனியிடம் 1989இல் இளைஞர் தொண்டு நிறுவனம் ஒன்று 50 சோடி சப்பாத்துக் கேட்டது. அதிலிருந்து வளர்ந்த உறவின் பயனாக, 1992இல் ஊழியர்க்கு ஆண்டுதோறும் 16 மணித்தியாலம் சம்பளத்துடன் தொண்டுக்கென ஒதுக்கப்பட்டது. பின்னர் அது 40 மணித்தியாலமாயிற்று. ஐ.பி.எம். 2008 முதல் தன் ஊழியரைச் சிறு குழுக்களாக வளர்ந்துவரும் நாடுகளுக்கு அனுப்பி, அவர்கள் கற்ற தொழிலையே அங்கு பயன்படுத்தச் செய்தது.

கணக்காளர் கையில் தூரிகையைக் கொடுப்பதினும் இது மேலன்றோ? ஒரே ஆண்டில் இருமுறை சுவருக்கு வர்ணம் பூசப்பெற்ற பாடசாலை ஒன்றை நான் அறிவேன். வந்தவை இரு வேறு கம்பெனிகள். இரண்டும் பதாகையுடன் படமெடுத்துக்கொண்டன. மலசலகூடத்துக்குத் தண்ணீர்க் குழாய் இல்லை என்பதைத் தலைமையாசிரியரிடம் எவரும் கேட்டறியவில்லை. வந்த ஊழியருட் சிலர், வராதவர் பெயரை அலுவலகம் குறித்துக்கொள்ளும் என்ற அச்சத்தினாலேயே வந்தவர்கள். அவர்களைத் தொண்டர் என அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நம் நாட்டில் 1958இல், கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன மாணவரை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்துக்குச் சென்றார். அவர்கள் அவ்வூரவருடன் தங்கி, அவரோடு சேர்ந்தே உழைத்தனர். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்தே தொடங்கிற்று. கம்பெனிகள் அதனிடம் கற்கவேண்டியது பெரிதொன்றுமில்லை: புறப்படுமுன் ஒருவர் சென்று, அவ்வூருக்கு என்ன தேவை என்று விசாரித்து வரட்டும். நான் கூறிய பாடசாலைக்கு வேண்டியிருந்தவர் குழாய் பொருத்தத் தெரிந்த ஒருவரே. அத்தகையவர் அவ்விரு கம்பெனிகளிலும் இருந்தனர்.