தூக்க ஒரு கருவி, தாங்க ஒரு கருவி



நியூசிலாந்தின் ஆட்டுப் பண்ணைகளிலும், ஆஸ்திரேலியாவின் மாட்டுப் பண்ணைகளிலும், பனி கொட்டும் அமெரிக்க மாநிலமான மினசோட்டாவிலும் ஏடிவி என்கிற நாலு சக்கர வண்டி இல்லாமல் பல வீடுகளில் வேலை ஓடாது. மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போன்ற ஹேண்டில்பார், ஊதிப் பருத்த டயர்கள், தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் உடம்பு. வேலியைப் பார்த்து வரவும் வைக்கோல் கட்டை இழுக்கவும் வாசல் பனியைத் தள்ளவும் அதுதான்.

1970இல் ஹோண்டா நிறுவனம் இதன் மூன்று சக்கர முன்னோடியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. விபத்துகள் பெருகியதால் 1988இல் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அங்கே நின்றது. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபரிலிருந்து, பண்ணை வேலைக்கான புதிய ஏடிவியை, கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் இல்லாமல் விற்க முடியாது. ஓடும் வண்டிக்கு இத்தனை காவல் வந்துவிட்டது. கொட்டகையில் நிறுத்தி, தூக்கி வைத்து, அடியில் கையை விடும் நேரத்துக்கு மட்டும் காவல் அந்த வீட்டுக்காரர்தான்.

பண்ணைக்கும் பட்டறைக்கும் நடுவே நூறு கிலோமீட்டர் இருக்கும் ஊர்களில் ரிப்பேர் வேலை வீட்டில்தான் நடக்கும். எண்ணெய் மாற்ற வேண்டும், பிரேக் பேட் பார்க்க வேண்டும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சிவி ஜாயின்ட்டின் கிழிந்துபோன ரப்பர் உறையை மாற்ற வேண்டும். வயிற்றுத் தகட்டில் அடைந்திருக்கும் காய்ந்த புல்லையும் சுரண்டி எடுக்க வேண்டும். சைலன்சர் சூட்டில் அந்தப் புல் தீப்பிடித்துவிடும். வண்டியைத் தூக்காமல் இவற்றில் பலவற்றைச் செய்ய முடியாது.

பெரியவர்கள் ஓட்டும் ஏடிவியின் எடை ஏறக்குறைய 300 கிலோ. ஒன்றரை புல்லட் மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளலாம். காரை விட எவ்வளவோ குறைவு என்று தோன்றுவதால்தான் அலட்சியம் வருகிறது. 300 கிலோ நெஞ்சின் மேல் இறங்கினால் மூச்சு உள்ளே போகாது. மூச்சு இல்லையென்றால் கூப்பிடக் குரலும் எழும்பாது.

காரைத் தூக்கிப் பழகியவரையும் ஏடிவி ஏமாற்றிவிடும். ஜாக்கியை அடித்ததும் சக்கரம் எழும்பாது. முதலில் ஸ்பிரிங்குகள் நீளும், காற்றுக் குறைவாக உள்ள டயர்கள் விரியும், அதற்குப் பிறகுதான் சக்கரம் தரையை விடும். ஆகவே வண்டியின் உடம்பு நினைத்ததைவிட உயரத்துக்குப் போய்விடுகிறது. வண்டியோ அகலம் குறைந்தது. போதாததற்கு, அடியில் பிளாஸ்டிக் தகடு மூடியிருப்பதால் எது இரும்புச் சட்டம், எது எண்ணெய்த் தொட்டி என்று கண்ணுக்குத் தெரியாது. ஜாக்கியின் தலை சட்டத்தில்தான் உட்கார வேண்டும். அச்சுத் தண்டிலோ கியர் பெட்டியிலோ வைத்தால் வழுக்கும், அல்லது உடையும். எந்த இடத்தில் தூக்கலாம் என்பதைக் கம்பெனி கொடுத்த கையேட்டில் பார்த்துக்கொள்வதே நல்லது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான ஏடிவிகளில் இரண்டு சக்கர ஓட்டத்துக்கும் நாலு சக்கர ஓட்டத்துக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. இரண்டு சக்கர நிலையில் வண்டியை 'பார்க்'கில் போட்டாலும், கியரில் நிறுத்தினாலும், பிடிபடுவது பின் சக்கரங்கள் மட்டுமே. இப்போது பின்பக்கத்தைத் தூக்கினால் என்ன ஆகும்? பிடித்துக்கொண்டிருந்த சக்கரங்கள் அந்தரத்துக்குப் போய்விடும். தரையில் மிஞ்சிய முன் சக்கரங்கள் உருள்வதற்குத் தடை ஏதும் இல்லை. வண்டி ஜாக்கியை விட்டு நழுவலாம். அதனால் தூக்குவதற்கு முன்பே, தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட வேண்டும். சாவியையும் உருவி வைத்துவிட வேண்டும்.

அமெரிக்கப் பண்ணைகளில் இந்த வேலைக்கு அடிக்கடி கைக்கு வருவது ஹை-லிஃப்ட் ஜாக்கி. இந்தியானா மாநிலத்தின் புளூம்ஃபீல்ட் ஊரில் 1905இலிருந்து தயாராகிறது. துளைகள் போட்ட நீண்ட இரும்புத் தண்டு, அதில் படிப்படியாக ஏறும் தூக்கி, நீளமான கைப்பிடி. வேலிக்கால் பிடுங்கவும் சேற்றில் சிக்கிய வண்டியைக் கிளப்பவும் அருமையான கருவி. ஆனால் அதன் அடித்தட்டு மிகச் சிறியது, பக்கவாட்டில் சாய்ந்துவிடும். இறக்கும்போது கைப்பிடியை நழுவ விட்டால், மேலே உள்ள எடை அதை மடார் மடாரென்று அடித்துத் தள்ளும். தாடை எலும்பை உடைக்க அந்த அடி போதும். தூக்கிய வண்டியின் அடியில் போக அந்த ஜாக்கியை நம்பவே கூடாது.

தரையில் உருட்டிச் செல்லும் ஹைட்ராலிக் ஜாக்கி அதைவிடச் சாது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டறிந்த திரவ அழுத்த விதியில்தான் அது இயங்குகிறது. உள்ளே எடையைத் தாங்குவது எண்ணெய். அந்த எண்ணெயைத் தடுத்து வைப்பது ஒரு ரப்பர் சீலும் ஒரு சிறு வால்வும். சீல் தேய்ந்தாலோ வால்வில் தூசி சிக்கினாலோ ஜாக்கி சத்தமில்லாமல் இறங்கும். எனவே அதன் வேலை தூக்குவதோடு முடிந்துவிட வேண்டும். தாங்குவதற்கு இரும்பு ஜாக்கி ஸ்டாண்டுகளைச் சட்டத்தின் கீழ் வைத்து, எடையை அவற்றின் மேல் இறக்கிவிட வேண்டும். ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் கல்லை வைப்பவர்கள் உண்டு. அந்தக் கல் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கிவிடும்.

ஸ்டாண்டு வைத்தாகிவிட்டது என்று அதோடு விடவும் முடியாது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரைட் கடைகள், தாங்கள் விற்ற 3 டன், 6 டன் ஜாக்கி ஸ்டாண்டுகளில் ஏறக்குறைய 17 லட்சத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தன. வார்ப்பு அச்சுகள் தேய்ந்ததால், சில ஸ்டாண்டுகளின் பற்களில் கொக்கி போதிய ஆழத்துக்கு விழவில்லை. பாரம் அசைந்தால் ஸ்டாண்டு சட்டென்று இறங்கக்கூடும். அதே ஆண்டு ஜூலையில், மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் ஒரு வகையிலும் வெல்டிங் குறை கண்டுபிடிக்கப்பட்டது. டன் கணக்கில் தாங்கும் என்று எழுதி விற்ற பொருளின் கதை இது.

அதனால்தான் விவரமறிந்தவர்கள் வண்டியை ஸ்டாண்டில் இறக்கியதும் கையால் பலமாக ஆட்டிப் பார்க்கிறார்கள். விழுவதாக இருந்தால், அடியில் ஆள் இல்லாதபோதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைச் சட்டத்தின் அடியில் படுக்கப் போட்டுவைப்பது இன்னொரு காப்பு. மண் தரையில் ஸ்டாண்டின் கால் புதையாமல் இருக்கக் கனமான பலகை போடுவார்கள். உச்சி வெயிலில் தார்த் தரையும் இளகும் என்பதால் அங்கேயும் பலகை வேண்டும். நாலு சக்கரத்தையும் ஒரேயடியாக எழுப்பும் ஏடிவி லிஃப்ட் வாங்கியவர்கள், அதன் பூட்டுக் கம்பியைச் செருகிய பிறகு, வண்டியைப் பட்டையால் இறுக்கியும் கட்ட வேண்டும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது இந்த வாரம் ஏடிவியையோ காரையோ தூக்கி வேலை பார்ப்பதாக இருந்தால், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து குரல் கொடுக்கச் சொல்லுங்கள். ஜாக்கியை அவர் கைக்கு எட்டும் இடத்திலேயே வைத்திருங்கள்.