வேறொரு வீட்டில் வளரும் பிள்ளை நம் வகுப்பில்

(தாம்பரம் பகுதி ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு அசாமிலிருந்து ரயில் வருகிறது. கொல்கத்தா அருகேயுள்ள சந்த்ராகாச்சியிலிருந்தும் வருகிறது. மேடவாக்கம், பெரும்பாக்கம், சிறுசேரி என்று எழும் அடுக்குமாடிகளில் வேலை செய்வோர் பலர் அப்படி வந்தவர்கள். அவர்களின் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். இன்று நான் பேசப்போவது, பெரியவர் துணையின்றித் தனியாக வந்து இறங்கும் பிள்ளைகளைப் பற்றி. வீட்டில் அடி, வேலை கிடைக்கும் என்ற ஆசை, கூட்டிவந்தவர் கைவிட்டது எனக் காரணங்கள் பல.

அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் 1098 எண்ணுக்கோ, காவல் துறைக்கோ, குழந்தைகள் நலக்குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். நலக்குழு முதலில் தேடுவது பிள்ளையின் சொந்த வீட்டை. வீடு கிடைக்கவில்லை, அல்லது திருப்பி அனுப்புவது ஆபத்து என்றால் அதே சட்டத்தின் 44ஆம் பிரிவில் ஒரு வழி உண்டு. இல்லத்தில் வைப்பதற்குப் பதிலாக, விசாரித்துத் தேர்ந்தெடுத்த ஒரு குடும்பத்தில் பிள்ளையை வளரவிடலாம். இதற்குப் பெயர் வளர்ப்புப் பராமரிப்பு. அந்தக் குடும்பத்தை நலக்குழு மாதந்தோறும் பார்வையிட வேண்டும்.

இந்தக் குடும்பங்களுக்கான பயிற்சியில் பள்ளி குறித்த பகுதியை நடத்த என்னை அழைக்கிறார்கள். ‘வளர்ப்புப் பெற்றோர்’ என்ற சொல்லே அங்கு முதல் தொல்லை. தமிழில் அதைக் கேட்டதும் தத்து என்றுதான் நினைக்கிறோம். தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி அந்தக் குடும்பத்தின் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பில் அப்படியில்லை. பெற்ற குடும்பம் எங்கோ இருக்கிறது, அது நாளை கண்டுபிடிக்கப்படலாம், தடையில்லையென்றால் வந்து பார்க்கலாம். எனவே, “இனி நான்தான் உன் அம்மா, நீ எங்கேயும் போக வேண்டாம்” என்று சொல்லாதீர்கள் என்பது பயிற்சியின் முதல் பாடம். அன்பாகச் சொல்வதுதான். ஆனால் காப்பாற்ற முடியாத வாக்கு. அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே பலர் பொய்வாக்கு கொடுத்திருப்பார்கள்.

இன்னொன்று சாப்பாடு. தலையணைக்கு அடியில் சப்பாத்தியோ பிஸ்கட்டோ ஒளித்து வைக்கும் பிள்ளையைத் திட்டக் கூடாது. ஒரு டப்பாவைக் கொடுத்து, “இது உன்னுடையது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்” என்று சொல்லப் பழக்குகிறோம். ஒடிசாவிலிருந்து வந்த பையன் எதையும் சாப்பிடவில்லை என்று ஒரு தாய் வருந்தினார். அவர் வீட்டில் இருந்த பழைய சோறே வழிகாட்டியது. ஒடிசாவில் அதன் பெயர் ‘பகாள’. வெங்காயமும் மிளகாயும் வைத்துக் கொடுத்ததும் அவன் நிமிர்ந்து பார்த்தானாம். மொழி தெரியாத வீட்டில் தெரிந்த ருசி ஒன்று கிடைப்பது சின்ன விஷயமில்லை.

இவ்வளவும் வீட்டில் செய்தபின் பிள்ளை காலை ஒன்பது மணிக்கு நம்மிடம் வருகிறான். அங்கே படிவம் காத்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் எங்கே, பிறப்புச் சான்றிதழ் எங்கே? வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009லேயே சொல்லிவிட்டது, இதில் விவாதத்துக்கு இடமில்லை.

பெயர்ப் பிரச்சினை இதைவிட நுட்பமானது. வாயில் நுழையவில்லை என்று பிள்ளையின் பெயரை ‘ராஜா’ என்று மாற்றிவிடுகிறோம். பெற்றோர் பெயர் எழுதும் இடத்தில், வசதிக்காக, வளர்ப்பவர் பெயரை எழுதுகிறோம். ஊர் காலியாக இருக்கிறது. நலக்குழு ஒருபக்கம் வீட்டைத் தேடிக்கொண்டிருக்க, நாம் பதிவேட்டில் அந்த வீட்டை அழித்துக்கொண்டிருக்கிறோம். எமிஸ் பதிவில் ஏறிய தவறான பெயர் பிள்ளை போகும் ஊர்களுக்கெல்லாம் கூடவே போகும். நலக்குழுவின் ஆணை நகலைக் கேட்டு வாங்கி, அதில் உள்ளபடி எழுதுங்கள். வளர்ப்பவரைப் பாதுகாவலர் என்று குறியுங்கள்.

பிள்ளை பேச ஆரம்பித்த பிறகு ஆறும், கோயிலும், பக்கத்து ரயில் நிலையமும் ஏதாவது ஓர் ஓவியத்தில் வந்துவிழும். வீட்டைக் கண்டுபிடிக்க உதவும் துப்பு அது. தேதி போட்டு எடுத்துவைத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சொல்லுங்கள். துருவிக் கேட்க வேண்டாம். ‘என் குடும்பம்’ என்று கட்டுரை எழுதச்சொல்லி வகுப்பின் முன் நிறுத்தவும் வேண்டாம். ‘என் தெரு’ என்று கொடுத்துப் பாருங்கள், அதே தமிழ்தான் வரும்.

வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “எங்கள் பள்ளியில் சேர்ந்த வடமாநில அனாதைச் சிறுவன்” என்று பெருமையாகப் பகிர்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் இத்தகைய பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. தவிர, அவன் அனாதை என்று யார் முடிவு செய்தது?

ஒருநாள் வீடு கிடைத்துவிட்டது என்று தகவல் வரும், பெரும்பாலும் திடீரென்று. வளர்த்த தாய் அழுவார். அதற்கும் பயிற்சியில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம், அது போதுவதில்லை. நம் பங்குக்கு மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் விவரம், அவன் நோட்டுகள் ஆகியவற்றை அன்றே தயாராக்கிக் கையில் கொடுங்கள். வகுப்பில் விடைபெற ஒரு பாடவேளை கொடுங்கள்.

ஆணை நகலும் பாதுகாவலர் விவரமும் நிரப்பிய மாதிரிப் படிவம் ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். உணவு இடைவேளைக்குப் பிறகு அதை வரிவரியாகப் பார்ப்போம்.